மஞ்சக் கடுதாசியில் அழியாத கடன்

போடி கடைத்தெருவில் ஒருவர் கடன் தாங்காமல் நொடித்துப்போனால் அந்தச் செய்தி பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் போய்விடும். "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாராம்ல!" ஏலக்காய் மண்டிக்காரர் அவர் பேரில் இருந்த பற்றுக் கணக்கைத் தனியே எடுத்து வைப்பார். வட்டிக்குக் கொடுத்தவர் புரோநோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்குக் கிளம்புவார். சீட்டுக் கட்டியவர்கள் வாசலில் வந்து நின்று சத்தம் போடுவார்கள். இவர்கள் எல்லாருக்கும் அதன் அர்த்தம் தெரியும். போட்ட பணத்தில் ஏதோ கொஞ்சம் தேறினால் உண்டு.

அர்த்தம் தெரியாமல் நிற்பவள் ஒருத்தி உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள். கோர்ட்டு போட்ட மாத ஜீவனாம்சத்தை நம்பி அரிசிச் செலவையும் பள்ளிக்கூடச் செலவையும் ஓட்டுகிறவள். அவளுக்குப் புருஷன் வீட்டிலிருந்து ஆள் வரும். "ஐ.பி. போட்டாச்சு. மத்த கடனோட உன் கணக்கும் தீந்துபோச்சு. இனிமே கோர்ட்டுப் பக்கம் அலையாதே."

தீரவில்லை. திவால் சட்டம் மற்ற எந்தக் கடனைத் தள்ளினாலும், மாஜிஸ்திரேட் உத்தரவு போட்ட ஜீவனாம்சத்தைத் தள்ளாது. சென்னைப் பட்டணத்துக்கு 1909-லும், நம் மாவட்டங்களுக்கு 1920-லும் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

நான் சிலமலைக்காரன். போடியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து தலை நரைத்தவன். திவால் கேட்கும் ஐ.பி. மனுக்களையும் ஜீவனாம்சம் கேட்கும் எம்.சி. மனுக்களையும் ஒரே டைப்ரைட்டரில் கார்பன் தாள் வைத்து அடித்திருக்கிறேன். இந்த இரண்டு காகிதங்களும் ஒன்றோடொன்று மோதிய கதை நம் மலையடிவாரத்தின் கதையும்தான். அதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. சட்டம் அந்தப் பெண்ணின் கடனை அழிய விடவில்லை. ஆனால் அதை முன்னால் வரவும் விடவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எத்தனையோ பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

கடனில் விளையும் காய்

போடியிலிருந்து தேவாரம் போகிற சாலையில் இருக்கிறது சிலமலை. மேற்கே மலை. இந்த வரிசையில் உள்ள ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆண்களும் பெண்களும் வேலைக்குப் போய் இருட்டும் நேரம் திரும்புவார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் மலையில் தோட்டம் வைத்திருப்பார்கள், அல்லது குத்தகைக்கு எடுத்திருப்பார்கள். காய் மலையில் விளைந்தாலும் பணம் போடியில்தான் புரளும். 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததற்கு இந்த மலைச் சரக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஏலம் கடன் இல்லாமல் வளராத பயிர். நட்டு மூன்றாம் வருடம்தான் காய் பிடிக்கத் தொடங்கும். அதுவரை களை எடுக்கவும் நிழல் மரம் கவாத்துப் பண்ணவும் மருந்தடிக்கவும் கூலி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காய் எடுப்பு ஆடி, ஆவணியில் ஆரம்பித்துத் தை, மாசி வரை இடைவெளி விட்டுப் பல சுற்றுகளாக நடக்கும். மற்ற மாதங்களில் கைக்காசு கிடையாது. அப்போது மண்டியில் முன்பணம் வாங்குவார்கள். காய் வந்ததும் அந்த மண்டிக்கே போட்டுக் கழிப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஏலம் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகமாக இருந்தபோதும் மலையேறிப் பயிர் செய்தவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்துத் தமிழ்க் குடியானவர்கள்தான். ஏகபோகம் போன பிறகும் முன்பணப் பழக்கம் போகவில்லை.

இப்படிப்பட்ட பயிருக்கு விலை ஒரு நிலையில் நிற்காது. 1982-83 வறட்சியில் செடிகள் காய்ந்தே போயின. அதே 80-களில் கவுதமாலா நாட்டு ஏலக்காய் உலகச் சந்தையில் நம் காயை முந்திவிட்டது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏல விற்பனையில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலையை நம்பி ஆட்கள் நிலம் குத்தகைக்கு எடுத்தார்கள். மூன்று வருடத்துக்குள் கிலோ ஆயிரம் ரூபாய்க்குக் கீழே வந்தது. ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் மஞ்சக் கடுதாசி வரும்.

மஞ்சக் கடுதாசி கொடுப்பவரை நான் குறைவாக நினைப்பதில்லை. கடனைக் கட்ட முடியாதவனைச் சிறையில் போடுகிற வழக்கம் இருந்த நாட்டில் அந்தச் சட்டம் ஓர் இரக்கம். இன்றும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, கடனுக்காகக் கைதாகி வருபவரிடம் திவால் மனு போடும் உரிமை உண்டு என்பதை நீதிமன்றமே சொல்ல வேண்டும் என்கிறது. வானம் பொய்த்ததாலும் விலை விழுந்ததாலும் நொடித்துப்போன மனிதன் மறுபடி எழுந்து நிற்க ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல் வழியாக எந்தப் பொறுப்பை விட்டுவிட்டு வெளியேறலாம் என்பதுதான் கேள்வி.

பஞ்சாயத்திலிருந்து மாஜிஸ்திரேட்டுக்கு

மலையடிவாரத்து ஊர்களில் புருஷன் பெண்டாட்டி பிரிவது புதிதல்ல. பல சமூகங்களில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, கொடுத்த சீரையும் போட்ட நகையையும் கணக்குப் பார்த்து அத்துவிடுவார்கள். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் இந்த வழக்கத்தைத் தடை செய்யவில்லை. வழக்கப்படியான பிரிவினை செல்லும் என்று 29-ஆம் பிரிவில் விட்டு வைத்தது. ஆனால் பஞ்சாயத்தில் ஒரு குறை உண்டு. அன்றைக்கு ஒரு தொகையை எண்ணி வாங்கிவிடலாம். மாதாமாதம் வர வேண்டிய பணத்தை வாங்கித்தர பஞ்சாயத்துக்கு ஆள் பலமும் இல்லை, சட்ட பலமும் இல்லை.

அந்த பலத்தைக் கொடுத்தது குற்றவியல் நடைமுறைச் சட்டம். 1861-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, பெண்டாட்டி பிள்ளைகளைக் காப்பாற்ற வசதி இருந்தும் கைவிட்டவனுக்கு மாஜிஸ்திரேட் மாதத் தொகை விதிக்கலாம் என்று வந்துவிட்டது. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தை வகுத்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன், கைவிடப்பட்டவர்கள் தெருவில் அலையும் நிலை வராமல் தடுப்பதே இதன் நோக்கம் என்று விளக்கினார். சொத்து உரிமை பற்றிய வழக்காக இதை அவர்கள் பார்க்கவில்லை. பட்டினியைத் தடுக்கும் பொதுக் காரியமாகத்தான் பார்த்தார்கள்.

1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 488-ஆம் பிரிவு. மாதத்துக்கு 50 ரூபாய்க்கு மேல் விதிக்கக் கூடாது. 1923-இல் அந்த உச்சவரம்பு 100 ரூபாய் ஆனது. 1955-இல் 500 ரூபாய். பணம் கட்டாவிட்டால் வாரண்டு. அப்போதும் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. காடு கரை உள்ள குடும்பத்துப் பெண்கள் சிவில் கோர்ட்டுக்குப் போய், சொத்தின் மேலேயே ஜீவனாம்சப் பொறுப்பை ஏற்றி டிக்ரி வாங்கினார்கள். காய் எடுக்கவும் மண்டியில் காய் தரம் பிரிக்கவும் போகிற பெண்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அவர்களுடைய கோர்ட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுதான்.

1920: ஒரு வரி

மாகாண திவால் சட்டம் 1920-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பட்டணங்களுக்கும் 1909-இலேயே தனிச் சட்டம் இருந்தது. மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த போடிக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாத கடன் இருந்தால், அல்லது கடனுக்காகக் கைதாகியிருந்தால், மனு போடலாம். கடன்காரர்கள் ஒரு பட்டியலிலும், இருக்கிற சொத்து இன்னொரு பட்டியலிலும் வர வேண்டும். திவால் என்று உத்தரவானால் சொத்து முழுதும் நீதிமன்றத்தின் கைக்கு, அதாவது ரிசீவர் கைக்குப் போய்விடும். உடுப்பு, சமையல் பாத்திரம், தொழில் கருவி, சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை போன்ற சில மட்டும் தப்பும். தாலியைத் தொடக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டத்துக்கே தெரிந்திருந்தது.

எல்லாம் முடிந்து, நீதிமன்றம் விடுவிப்பு உத்தரவு கொடுத்தால் பழைய கடன்கள் அழியும். அதிலும் சொத்து மதிப்பு ரூபாய்க்கு எட்டணா அளவுக்காவது தேற வேண்டும், தேறாததற்குத் தான் பொறுப்பில்லை என்றாவது கடனாளி காட்ட வேண்டும். இவ்வளவும் தாண்டி வருபவருக்கும் நான்கு வகைப் பொறுப்புகள் அழியாது என்கிறது 44-ஆம் பிரிவு. அரசுக்குச் செலுத்த வேண்டியது, மோசடியால் வந்த கடன், மோசடி செய்து தவணை வாங்கிய கடன் ஆகிய மூன்றோடு நாலாவதாக வருவது, 488-ஆம் பிரிவின்படி போடப்பட்ட ஜீவனாம்ச உத்தரவின் பொறுப்பு.

அந்த நாலாவது வரியைத்தான் வாழ்நாள் முழுவதும் மனுக்களில் அடித்துக்கொண்டிருந்தேன். அதன் பின்னால் இருந்த எண்ணம் உலகத்தில் பல இடங்களில் ஒரே காலத்தில் உருவானது. 1885-இல் லண்டன் அப்பீல் கோர்ட்டு, லிண்டன் வழக்கில், ஜீவனாம்சத் தவணை மற்ற கடன்களைப் போலத் திவால் கணக்கில் சேர்க்கத் தக்கது அல்ல என்று தீர்ப்பளித்தது. ஜீவனாம்சத்தைக் கோர்ட்டு எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம். அப்படிப்பட்ட ஒன்றுக்கு இன்றைக்கே முழு விலை போட முடியாது என்பது அதன் நியாயம். 1901-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆடுபான் எதிர் ஷூஃபெல்ட் வழக்கில், ஜீவனாம்சம் ஒப்பந்தத்தில் பிறந்த கடன் அல்ல, மனைவியைக் காப்பாற்றும் கடமையிலிருந்து பிறந்தது என்றது. 1903-இல் அந்த நாட்டுச் சட்டத்திலும் அது ஏறியது.

எனக்கு அந்த அமெரிக்கத் தீர்ப்பின் நியாயம்தான் பிடிக்கும். மண்டிக்காரர் முன்பணம் கொடுக்கும்போது ஆளைப் பார்த்து, தோட்டத்தைப் பார்த்து, விலையைக் கணித்துக் கொடுக்கிறார். லாபம் வந்தால் வட்டியோடு வரும், நஷ்டம் வந்தால் போகும் என்று தெரிந்தே கொடுக்கிறார். மூன்று வயதுப் பிள்ளை அப்பனுக்குக் கடன் கொடுக்கவில்லை. விலை விழும் என்று கணிக்க அந்தப் பிள்ளைக்கு வழியும் இல்லை.

1938-இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்திலும் இதே எண்ணம் தெரிகிறது. பழைய வட்டி பாக்கியைப் பெருமளவு துடைத்தெறிந்த சட்டம் அது. மாகாணம் முழுவதும் லேவாதேவிக்காரர்களை அதிர வைத்தது. அந்தச் சட்டமும் ஜீவனாம்சப் பொறுப்பைத் தொடவில்லை. விவசாயக் கூலி பாக்கியைத் தொடவில்லை. குடியானவனின் கடனை இறக்குகிறோம் என்ற பேரில் அவன் பெண்டாட்டி பிள்ளைகளின் சோற்றையும் கூலிக்காரரின் கூலியையும் இறக்கிவிடக் கூடாது என்ற தெளிவு அன்றைக்கே இருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம்

இத்தனை தெளிவாகச் சட்டம் இருந்தும் நம் பக்கத்துப் பெண்களுக்குப் பணம் கைக்கு வராததற்கு முதல் காரணம் போடிமெட்டு.

1949 வரை போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். அதற்குத் தனி அரசர், தனிச் சட்டம், தனி நீதிமன்றம். பிரிட்டிஷ் இந்தியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மலை உச்சியோடு நின்றுவிடும். மதுரை மாவட்டத்து மாஜிஸ்திரேட் போட்ட ஜீவனாம்ச உத்தரவை எந்த மாஜிஸ்திரேட்டும் நிறைவேற்றலாம் என்று 1898-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆனால் தேவிகுளத்து மாஜிஸ்திரேட் அந்தச் சட்டத்தின் கீழ் வரமாட்டார். கைவிட்டுப் போனவன் மலையேறித் தோட்டத்தில் தங்கிவிட்டால் வாரண்டு கீழேயே நிற்கும். 1951-இல்தான் அந்தச் சட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்கும் விரிந்தது. திவால் சட்டமோ அதற்குப் பிறகும் ஒன்றாகவில்லை. 1920-ஆம் ஆண்டுச் சட்டம் மலைக்குக் கீழே; மேலே கேரளத்தின் 1955-ஆம் ஆண்டு இன்சால்வன்சி சட்டம். காலையில் சிலமலையில் ஜீப் ஏறுகிறவர் வேலைக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு திவால் சட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடுகிறார்.

வழக்கு எங்கே போடுவது என்பதிலும் சிக்கல். பழைய 488-ஆம் பிரிவின்படி புருஷன் இருக்கிற இடத்தில், அல்லது இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்தில்தான் மனு போட முடியும். மலையில் குடித்தனம் நடத்திவிட்டு அடிபட்டுத் திரும்பி வந்த சிலமலைப் பெண், கைக்குழந்தையோடு வாய்தாவுக்கு வாய்தா மலையேற வேண்டும். அன்றைய கூலியும் போய், பஸ் சார்ஜும் போய், இரண்டு வாய்தாவில் மனசு விட்டுப்போகும்.

1974 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதை மாற்றியது. 488 போய் 125 வந்தது. மனைவி குடியிருக்கிற இடத்திலேயே மனு போடலாம். விவாகரத்தான பெண்ணும் மறுமணம் செய்யாத வரை கேட்கலாம். அத்துவிடுகிற வழக்கம் உள்ள நம் ஊர்களுக்கு அது பெரிய மாற்றம். வயதான தாய் தகப்பனும் கேட்கலாம். அந்தச் சட்டம் வந்த பிறகுதான் நான் தொழிலுக்கு வந்தேன். பழைய குமாஸ்தாக்கள் மலைவழக்குகளைப் பற்றிச் சொல்லும்போது, ஜெயித்தும் ஒன்றும் கிடைக்காத வழக்குகள் என்றுதான் சொல்வார்கள்.

பட்டியலில் கடைசிப் பெயர்

இனி நான் என் கண்ணால் பார்த்த பழக்கத்தைச் சொல்கிறேன்.

ஐ.பி. மனுவோடு கடன்காரர் பட்டியல் இணைக்க வேண்டும். மண்டி, வட்டிக்கடை, கூட்டுறவுச் சங்கம், கைமாற்றுக் கொடுத்த மச்சினன் என்று வரிசையாகப் போகும். கட்டக்கடைசியில் ஒரு பெயர் இருக்கும்: மனுதாரரின் மனைவி, எம்.சி. பாக்கி இவ்வளவு. அவளும் ஒரு கடன்காரி, திவால் வழக்கு முடிகிற வரை எந்தக் கடன்காரரும் தனியாக வசூலிக்க வரக் கூடாது, ஆகவே அவள் வாரண்டு கேட்கவும் கூடாது என்பது வாதம். சட்டத்தின் 28-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். அது திவால் கணக்கில் சேரத்தக்க கடன்களுக்கு மட்டும் பொருந்தும் தடை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு வீட்டுக்கு வருவது கோர்ட்டு முத்திரை குத்திய நோட்டீஸ். அதைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று நம்பிவிடுவாள்.

ஒரு தாய் அப்படி ஒரு நோட்டீஸை முந்தானையில் முடிந்துகொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தார். "அய்யா, இதுல என் பேரும் இருக்குன்னு படிச்சுச் சொன்னாங்க. நான் அந்த ஆளுக்குக் கடனா கொடுத்தேன்? ரெண்டு பிள்ளையப் பெத்துல்ல கொடுத்தேன்" என்றார். எங்கள் வக்கீல் நோட்டீஸைப் படித்துவிட்டு, "தாயி, ஐ.பி. அது பாட்டுக்கு நடக்கட்டும். நம்ம பாக்கி மனுவ இன்னைக்கே போடுவோம்" என்றார். அன்றே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டோம். வாரண்டு பிறப்பிக்க உத்தரவானதும், திவாலானதாகச் சொன்ன மனிதர் அண்ணன் தம்பிகளிடம் திரட்டிப் பாக்கியைக் கட்டினார்.

அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டால்தான் அந்த மாதத்துக்கு வாரண்டு கிடைக்கும். ஐ.பி. வழக்கோ வருடக்கணக்கில் இழுக்கும். நோட்டீஸ், கெஜட் விளம்பரம், ரிசீவர் அறிக்கை, கடன்காரர்களின் ஆட்சேபணை என்று போகும். பலர் விடுவிப்பு உத்தரவு வரை போவதே இல்லை. வழக்கு நிலுவையில் இருப்பதே அவர்களுக்குக் கேடயம். "அது முடியட்டும்" என்று காத்திருந்த பெண்களுக்கு ஒவ்வொரு மாதமாக வாரண்டு வழி மூடிப்போனது. கடன் சட்டப்படி அழியவில்லை. வசூலிக்கும் வழிதான் காத்திருந்தே போனது.

சிறைக்குப் போய் வந்தால் கடன் கழிந்துவிடும் என்பதும் இன்னொரு பொய். சிறை என்பது கட்ட வைப்பதற்கான வழி, கட்டியதற்கு ஈடு அல்ல என்று 80-களின் கடைசியில் உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி பாக்கிதான்.

44-ஆம் பிரிவிலேயே ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்ல வேண்டும். அது மாஜிஸ்திரேட் போட்ட உத்தரவை மட்டும்தான் பெயர் சொல்லிக் காக்கிறது. சிவில் கோர்ட்டு டிக்ரியை அந்த வரி சொல்லவில்லை. பஞ்சாயத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய காகிதத்தையும் சொல்லவில்லை. அதனால்தான் எங்கள் வக்கீல், பஞ்சாயத்தில் பேசி முடித்த தொகையைக் கூட மாஜிஸ்திரேட் முன்னால் பதிவு செய்து உத்தரவாக வாங்கச் சொல்வார். அந்த ஒரு யோசனை பல குடும்பங்களைக் காப்பாற்றியது.

இவற்றைவிடப் பெரிய குறை 61-ஆம் பிரிவில் இருக்கிறது. ரிசீவர் சொத்தை விற்று வந்த பணத்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்ற வரிசை அது. அரசு பாக்கி முதலில். அதோடு, திவாலானவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு நான்கு மாதக் கூலியில் இருபது ரூபாய் வரை. மனைவி மக்கள் அந்த வரிசையில் இல்லை. பொறுப்பு அழியாது என்று எழுதியவர்கள், இருக்கிற சொத்தை மற்றவர்கள் பங்கு போட்ட பிறகு அவள் எதிலிருந்து வாங்குவாள் என்று எழுதவில்லை. தோட்டம் ஏலம் போய்விடும். அழியாத கடன் அவள் கையில் காகிதமாக இருக்கும்.

புதிய சட்டங்கள்

2001-இல் 500 ரூபாய் உச்சவரம்பை நாடாளுமன்றம் எடுத்தது. ஏலக்காய் விலை, அரிசி விலை, கூலி எல்லாம் எங்கேயோ போன பிறகும், 1955-இல் வைத்த அந்தத் தொகையில் காலத்தை ஓட்டச் சொன்ன கொடுமை அன்றோடு முடிந்தது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இரண்டு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் 125-ஆம் பிரிவின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு இருக்கிறது. பழைய சட்டத்தைச் சுட்டும் இடங்களில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது 1897-ஆம் ஆண்டுப் பொது விதிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. ஆகவே எண் மாறியதால் பாதுகாப்பு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

2016-இல் வந்த நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, தள்ளுபடி ஆகாத கடன்களைப் பட்டியலிடும்போது, நடப்பில் உள்ள எந்தச் சட்டத்தின்படி வந்த ஜீவனாம்சமும் அதில் சேரும் என்கிறது. மாஜிஸ்திரேட் உத்தரவு, சிவில் டிக்ரி என்ற பழைய வித்தியாசம் அதில் இல்லை. ஆனால் தனி ஆட்களுக்கான அந்தப் பகுதியை 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் நடைமுறைப்படுத்தினார்கள். ஏலத் தோட்டக்காரருக்கும் கடைக்காரருக்கும் இன்னும் 1920-ஆம் ஆண்டுச் சட்டம்தான். புதிய சட்டத்திலும் பணம் பங்கிடும் வரிசையில் தொழிலாளர் பாக்கி, ஈட்டுக் கடன், அரசு பாக்கி எல்லாம் இருக்கின்றன. ஜீவனாம்சம் தனி இடம் பெறவில்லை. அமெரிக்கா 2005-இல் தன் திவால் சட்டத்தைத் திருத்தி, குடும்பத்துக்கான ஜீவனாம்சத்தை முன்னுரிமைக் கடன்களில் முதல் இடத்தில் வைத்தது.

நம் நாட்டில் அந்த நியாயத்தை நீதிமன்றம் சொல்ல 2024 டிசம்பர் ஆனது. குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் கண்ணியமான வாழ்வுரிமையின் பகுதி, அது அடிப்படை உரிமைக்கு நிகரானது, ஆகவே வங்கிகளும் மற்றக் கடன்காரர்களும் சொத்தின் மேல் கொண்டாடும் உரிமையை விட மேலானது என்று தீர்ப்பளித்தது. பாக்கியைக் கட்டாவிட்டால் கணவரின் அசையாச் சொத்தை ஏலம் விட்டு வசூலிக்கலாம் என்றது. 1920-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதாமல் விட்ட இடத்தை அந்தத் தீர்ப்பு நிரப்புகிறது. அதைப் படித்த அன்று, முந்தானையில் நோட்டீஸை முடிந்துகொண்டு வந்த அந்தத் தாய் கேட்டது சரியான கேள்வி என்று மறுபடியும் உணர்ந்தேன். அவர் கடன்காரி அல்ல. அந்தப் பட்டியலில் அவர் பெயருக்கு இடமே கிடையாது.

சிலமலையிலும் இராசிங்காபுரத்திலும் தேவாரத்திலும் இதைப் படிக்கிற பெண்களுக்கும், அவர்களுக்காக இதைப் படித்துச் சொல்கிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஐ.பி. நோட்டீஸ் வந்தால் ஒதுங்கி நிற்காதீர்கள். ஜீவனாம்ச உத்தரவு இருந்தால் பாக்கி மனுவை வருடம் முடியும் முன்பே போடுங்கள். உத்தரவு இல்லாமல் பஞ்சாயத்துக் காகிதம் மட்டும் இருந்தால் மாஜிஸ்திரேட் முன்னால் போய் உத்தரவு வாங்குங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்ற பயம் வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம், தேனியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அதற்காகவே இருக்கிறது.

சட்டம் செய்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு தீர்ப்பை வைத்து ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு கோர்ட்டிலும் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. அழியாத கடன் என்று 1920-இல் எழுதினார்கள். சொத்தைப் பங்கிடும் வரிசையில் அதை முதல் கடன் என்று இப்போது எழுதுங்கள்.